சொல் கேட்கும் நெருப்பு

'கீசர்' என்ற சொல்லிலிருந்து தொடங்குவோம். ஐஸ்லாந்தில் நிலத்தைப் பிளந்துகொண்டு பீறிட்டெழும் ஒரு வெந்நீர் ஊற்றின் பெயரிலிருந்து பிறந்த சொல் அது. 1868ஆம் ஆண்டு லண்டனில் பெஞ்சமின் வாடி மான் என்ற வண்ணப்பூச்சுக்காரர், குழாயில் ஓடிவரும் தண்ணீரை அது ஓடிக்கொண்டிருக்கும்போதே எரிவாயுச் சுடரால் சூடாக்கும் கருவி ஒன்றுக்கு உரிமம் பெற்று, அதற்கு இந்தப் பெயரைச் சூட்டினார். புகை வெளியேற வழியில்லாத அபாயகரமான கருவிதான். ஆனாலும் அதிலிருந்த எண்ணம் புதியது. அண்டா நிறையத் தண்ணீரை முன்கூட்டியே காய்ச்சிவைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை. கேட்கிறபோது, கேட்கிற அளவுக்குச் சூடாக்கினால் போதும்.

அந்தச் சொல் கடல் கடந்து நம்மிடம் வந்து சேர்ந்தபோது பொருள் தலைகீழாகிவிட்டது. நம் குளியலறைச் சுவர்களில் தொங்குகிற கீசர்களில் பெரும்பாலானவை 15 லிட்டரோ 25 லிட்டரோ தண்ணீரைப் பிடித்துவைத்துக் காய்ச்சுகிற தொட்டிகள். விசையைப் போட்டுவிட்டு, பல் துலக்கி, செய்தித்தாளையும் புரட்டிய பிறகுதான் குளிக்கப் போகமுடியும். மொழியின் விளையாட்டு என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் காப்பி எந்திரங்களின் வரலாற்றைச் சற்று நெருங்கிப் பார்த்தால், இந்தத் தலைகீழ் மாற்றத்துக்குக் காரணம் இருப்பது தெரியவரும். தண்ணீரை முன்னமே காய்ச்சி வைப்பதா, கேட்ட பிறகு காய்ச்சுவதா என்பதை எந்திரம் வடிவமைப்பவர் தன் விருப்பப்படி தீர்மானிப்பதில்லை. அவருக்குக் கிடைக்கிற நெருப்பு எப்படிப்பட்டது என்பதே அதைத் தீர்மானிக்கிறது.

வழக்கமாக மிலான் நகரத்தை மையமாக வைத்துச் சொல்லப்படும் கதை இது. நாம் அதை வடக்கனந்தலிலிருந்து பார்க்க விரும்புகிறோம். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலையடிவாரத்தை ஒட்டிய பேரூராட்சி. பக்கத்திலேயே கச்சிராயபாளையம், அங்கே கோமுகி அணை, கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. கரும்பும் நெல்லும் மரவள்ளியும் விளையும் பூமி. நெடுங்காலம் தென்னார்க்காடு மாவட்டத்திலும், 1993க்குப் பின் விழுப்புரம் மாவட்டத்திலும் இருந்து, 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அடங்குகிறது. எந்திர வரலாற்றில் இடம்பெறத்தக்க எதுவும் இங்கே கண்டுபிடிக்கப்படவில்லை. அதனாலேயே இவ்வூர் நமக்குப் பயன்படுகிறது. ஓர் எந்திரம் தான் பிறந்த ஊரில் எப்படி நடந்துகொள்கிறது என்பதைவிட, போய்ச் சேருகிற ஊரில் எப்படி நடந்துகொள்கிறது என்பதில்தான் அதன் வடிவமைப்பின் யோக்கியதை தெரிகிறது.

முதலில் பாய்லர். தமிழகத்துச் சிற்றூர்த் தேநீர்க்கடை என்றால் நினைவில் எழுவது அந்தப் பித்தளை அல்லது செம்பு உருளைதான். நடுவே மேலிருந்து கீழாக ஒரு குழல், அதற்குள் கரி. குழலின் அடியில் சல்லடைத் தட்டு. சாம்பல் உதிர்வதற்கும் காற்று ஏறுவதற்கும். குழலைச் சுற்றி நாற்புறமும் தண்ணீர். பக்கவாட்டில் ஒரு குழாய். உள்ளே ஈயம் பூச்சு. ருஷ்ய நாவல்களின் தமிழ் மொழிபெயர்ப்புகளை மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் மலிவுப் பதிப்புகளில் வாசித்து வளர்ந்தவர்களுக்கு 'சமோவார்' என்ற சொல் பரிச்சயமாக இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் அது கொதித்துக்கொண்டிருக்கும். நாமோ அதைத் தேநீர்க் கெண்டி போன்ற ஏதோ ஒன்றாகக் கற்பனை செய்துகொண்டு கடந்துவிடுவோம். தூலா நகரத்துக் கன்னார்கள் செய்த சமோவாரும் நம்மூர்ப் பாய்லரும் அமைப்பில் ஒன்றே: நடுவில் நெருப்பு, சுற்றிலும் நீர், பக்கத்தில் குழாய். தெருமுனையில் நாள்தோறும் பார்த்த பொருளையே அந்நிய நாவலில் அடையாளம் காணத் தவறினோம் என்பது வாசக அனுபவத்தின் வேடிக்கைகளில் ஒன்று.

இந்த அமைப்பு ஏன் தோன்றியது? கரி சொல் கேட்காத நெருப்பு. பற்றவைத்தால் கனன்று வர நேரம் பிடிக்கும். கனன்றபின் அணை என்றால் அணையாது. 'ஒரு காப்பி' என்று வாடிக்கையாளர் சொன்ன பிறகு கரியை மூட்டத் தொடங்கினால் அவர் அடுத்த ஊருக்கே போய்ச் சேர்ந்திருப்பார். ஆகவே விடியலுக்கு முன்பே மூட்டி, அந்தச் சூட்டைத் தண்ணீரில் சேமித்துவைக்கிறார்கள். பாய்லரை வெந்நீர்ப் பாத்திரம் என்பதைவிட வெப்பத்துக்கான குதிர் என்று சொல்வது பொருந்தும்.

இந்தக் குதிரின் கணக்கு சுவையானது. 20 லிட்டர் தண்ணீரை 28 பாகையிலிருந்து 95 பாகை செல்சியசுக்கு ஏற்ற ஏறத்தாழ 5,600 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும். நல்ல கரி ஒரு கிலோ எரிந்தால் சுமார் 29,000 கிலோ ஜூல் தரும். அதாவது வெப்பம் முழுவதும் தண்ணீருக்குள் இறங்குமானால் 200 கிராம் கரி போதும்! ஆனால் எந்தக் கடையிலும் அந்த அளவோடு நாள் கழிவதில்லை. தண்ணீரைச் சூடேற்றுவதற்கு ஆவதைவிட, ஏறிய சூட்டை நாளெல்லாம் காத்துக்கொண்டிருப்பதற்கே கரி அதிகம் செலவாகிறது. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் பாய்லர் கனன்றுகொண்டே இருக்கும். இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கங்களில் சீமைக்கருவேல மரத்தை மூட்டம் போட்டுச் சுட்ட கரியில் ஒரு பங்கு, யாரும் குடிக்காத காப்பிக்காகவே எரிந்து தீர்ந்தது எனலாம். கடைக்காரரின் இலாபமும் நட்டமும் அந்தக் காத்திருப்பு நேரத்தில்தான் இருந்தன.

இங்கே ஒரு துணைக்கதை. பழைய வீடுகளின் கொல்லைப்புறத்தில் குளியலுக்கான செம்புப் பாய்லர் இருக்கும். சில வகைகளில் குழாய் கிடையாது. ஒருபுறம் புனல் வழியாகக் குளிர்ந்த நீரை ஊற்றினால் அது உள்குழல் வழியே அடிக்குச் சென்று, மேலே மிதக்கும் வெந்நீரை மறுபுற மூக்கு வழியே வெளியே தள்ளும். ஒரு குடம் பச்சைத்தண்ணீர் கொடுத்தால் ஒரு குடம் வெந்நீர் கிடைக்கும். சூடான நீர் இலேசானது, மேலே நிற்கும் என்ற ஒற்றை அறிவைக்கொண்டு செய்யப்பட்ட இந்த எந்திரத்தில் அசையும் உறுப்பு எதுவுமே இல்லை. இன்றைய மின்சாரக் கீசரின் உள்ளமைப்பும் இதுதான். பெயர் மானுடையது, உடல் நம் கொல்லைப்புறத்துடையது.

இனி மிலான் கதைக்கு வருவோம். 1884இல் தூரின் நகரக் கண்காட்சியில் ஆஞ்செலோ மோரியொந்தோ என்பவர் நீராவியால் இயங்கும் காப்பி எந்திரம் ஒன்றை வைத்தார். அதற்கு அவர் பெற்ற உரிமத்தின் தலைப்பிலேயே 'சிக்கனம்', 'உடனடி' என்ற இரு சொற்களும் இருந்தன. ஆனால் அது மொத்தமாகக் காப்பி வடிக்கிற எந்திரம். 1901இல் மிலானைச் சேர்ந்த லூயிஜி பெத்ஸெரா, ஒவ்வொரு கோப்பைக்கும் தனித்தனியே வடிக்கும் எந்திரத்துக்கு உரிமம் கோரினார். அந்த உரிமத்தை விலைக்கு வாங்கிய தெசிதேரியோ பவோனி எந்திரங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 'எஸ்பிரெஸோ' என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது அந்தக் காலத்தில்தான். கேட்டவருக்கென்று, கேட்ட கணத்தில் செய்து தரப்படுவது என்பது அதன் உட்பொருள்.

வெளியில் தெரிந்தது உடனடி. உள்ளே இருந்ததோ பழைய குதிர். பவோனியின் எந்திரத்துக்குள்ளும் ஒரு பெரிய கொதிகலன் நாள் முழுதும் கொதித்தபடியே இருந்தது. தண்ணீரைக் காப்பித்தூளின் வழியே தள்ளுவதற்கு நீராவி அழுத்தம் வேண்டும்; அழுத்தம் வேண்டுமென்றால் தண்ணீர் கொதிநிலைக்கும் மேலே காய வேண்டும்; அப்படிக் காய்ந்த நீர் தூளைக் கருக்கியது. நெருப்பு, அழுத்தம், சுவை மூன்றும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. அந்த முடிச்சை ஓரளவு அவிழ்த்தவர் அக்கில்லே காஜ்ஜா. 1938இல் முதல் உரிமம் பெற்று, 1940களின் இறுதியில் அவர் கொண்டுவந்த நெம்புகோல் எந்திரத்தில் அழுத்தத்தைத் தந்தது நீராவியல்ல, வில்சுருளால் இயங்கிய ஓர் உந்துதண்டு. ஆகவே தண்ணீர் அளவாகச் சூடானால் போதும் என்றாயிற்று.

அடுத்த மாற்றம் 1961இல் வந்தது. ஃபயேமா நிறுவனத்தின் 'ஈ-61', அவ்வாண்டு பிப்ரவரியில் ஐரோப்பாவில் தெரிந்த முழுச் சூரிய கிரகணத்தை நினைவூட்டும் பெயர். அதில் மின்சார இறைப்பான் ஒன்று புதுத் தண்ணீரை இழுத்து, கொதிகலனுக்குள் மூழ்கிக் கிடக்கும் ஒரு குழாயின் வழியே அனுப்பியது. கொதிகலன் நீர் கோப்பைக்கு வருவதில்லை. தன் சூட்டை மட்டும் கடந்துபோகும் புதுநீருக்குக் கடன் கொடுக்கிறது. காப்பிக்கான தண்ணீர் உண்மையிலேயே கேட்டபோது மட்டும் சூடாயிற்று, நாளெல்லாம் கொதித்துச் சப்பென்றாகவில்லை. ஆனால் சூடு இன்னமும் குதிரிலிருந்துதான் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பாவின் மிக முன்னேறிய எந்திரமும் பாதி பாய்லராகவே இருந்தது.

முழுமையாகக் கேட்டபின் சூடாக்கும் எந்திரம், காப்பிக்கடைக்காரர்கள் யாரும் பொருட்படுத்தாத வீட்டு உபயோகப் பொருளாகப் பிறந்தது. 1954இல் ஜெர்மனியில் கோட்லோப் விட்மன் உரிமம் பெற்ற 'விகோமாட்'. பிற்பாடு 1972இல் அமெரிக்காவில் 'மிஸ்டர் காஃபி' என்ற பெயரில் இதே வகை எந்திரம் வீடுவீடாகப் புகுந்தது. இதன் உட்பொறியை நின்று ரசிக்கலாம். தொட்டியிலிருக்கும் குளிர்நீர் ஒருவழித் தடுக்கிதழைக் கடந்து ஒரு சிறு குழாய்க்குள் இறங்குகிறது. குழாயை ஒட்டி மின்சூடேற்றி. அந்தத் துளித் தண்ணீர் கொதிக்கும்போது எழும் குமிழிகள் வெந்நீரை மேலே தள்ளிக்கொண்டுபோய்க் காப்பித்தூளின் தலையில் சொட்டுகின்றன. தடுக்கிதழ் இருப்பதால் திரும்பிப் போக வழியில்லை. இறைப்பானும் இல்லை, கொதிகலனும் இல்லை. கொதிக்கிற செயலே தண்ணீரை இறைக்கிறது.

இதே காலத்தில் தமிழ்நாட்டில் என்ன நடந்தது? சேர்வராயன் மலையில் 1820களிலேயே சேலம் ஆட்சியர் காக்பர்ன் காப்பிச் செடியை ஊன்றியிருந்தார். கல்வராயனுக்கு அது அண்டை மலை. ஆனால் மலையில் விளைந்தது சமவெளியின் அடுக்களைக்கு இறங்க அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. காப்பி தமிழ் வாழ்க்கைக்குள் நுழைந்தபோது கிளம்பிய பதற்றங்களை ஆ.இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற தம் கட்டுரையில் விரிவாக எழுதியிருக்கிறார். இங்கே திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. நமக்கு வேண்டியது அந்தப் பித்தளை ஃபில்டர். மேலடுக்கில் தூள், கீழடுக்கில் டிக்காஷன். 1800 வாக்கில் பாரிஸ் பேராயர் தெ பெல்வா பெயரால் வழங்கிய ஈரடுக்குக் கெண்டியின் உறவினர் என்று இதைச் சொல்லலாம்.

எந்திரக் கண்ணோட்டத்தில் ஃபில்டர் ஒரு தந்திரம் செய்கிறது. இத்தாலியர்கள் வெந்நீரைச் சேமித்தார்கள். நாம் காப்பியையே சேமித்தோம். காலையில் ஒருமுறை அடுப்பு மூட்டி, ஒருமுறை வெந்நீர் வைத்து, கள்ளிச்சொட்டாக டிக்காஷன் இறக்கிவிட்டால், பிற்பாடு வருகிறவருக்குத் தேவை பால் மட்டுமே. அந்தப் பால் எப்படியும் அடுப்பில் இருக்கும். டிக்காஷன் ஆறிப்போனாலும் கொதிக்கும் பால் அதைச் சரிசெய்துவிடும். ஒவ்வொரு கோப்பைக்கும் 93 பாகையில் வெந்நீர் தேட வேண்டிய தொல்லையே எழவில்லை. விறகடுப்பும் கரியடுப்பும் தவிர வேறு நெருப்பு இல்லாத வீட்டில், கேட்டபோது காப்பி தருவதற்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு இருந்திருக்க முடியுமென்று நமக்குத் தோன்றவில்லை. பாலும் பசுவும் ஃபில்டரும் இருக்கிற வீடுகளுக்குத்தான் இது பொருந்தும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வெல்லம் போட்ட வரக்காப்பியும் சுக்குக்காப்பியும் குடித்தவர்களுக்குக் கொதிக்கும் பானை ஒன்றே எந்திரம்.

இனி, இன்றைய வடிவமைப்பாளர் ஒருவர் நேராக வந்து வடக்கனந்தல் கடைத்தெருவில் தன் எந்திரத்தை வைப்பதாகக் கொள்வோம். குதிர் கிடையாது. விசையைத் தொட்டால் இறைப்பான் தண்ணீரை இழுக்கும். 2,000 வாட் சூடேற்றி ஒட்டிய உலோகக் கட்டியின் நெளிவழிகளில் நீர் ஓடிச் சூடாகும். 150 மில்லி தண்ணீரை 28 பாகையிலிருந்து 93 பாகைக்கு ஏற்ற 41 கிலோ ஜூல் வேண்டும். 2,000 வாட்டில் இருபது வினாடி. யாரும் கேட்காத நேரத்தில் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. காகிதத்தில் பாய்லர் தோற்றுவிட்டது.

இப்போது மின்சாரத்தைக் கவனிப்போம். 230 வோல்ட் என்பது சட்டம் சொல்வது. மாற்றியிலிருந்து விலகிய கம்பியின் கடைக்கோடியில், கரும்புக்கும் நெல்லுக்கும் தண்ணீர் இறைக்கும் மோட்டார்கள் ஒருசேர ஓடும் வேளையில், அது 180க்கு இறங்கிவிட்டால் என்ன ஆகும்? சூடேற்றியின் திறன் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. 180ஐ 230ஆல் வகுத்து இருமடியாக்கினால் நூற்றுக்கு 61. அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததற்கு வெப்பம் ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிடுகிறது. 2,000 வாட் என்று எழுதிய எந்திரம் 1,225 வாட்டில் நிற்கிறது. இறைப்பானோ முன்போலவே தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தால், கோப்பைக்கு வருவது 93 பாகை நீரல்ல, 68 பாகை நீர். அந்தச் சூட்டில் தூளிலிருந்து புளிப்பு இறங்கும். கசப்பும் கனமும் இறங்காது. எந்திரத்தில் பழுதேதும் இல்லை. நெருப்புதான் சொல் கேட்கவில்லை.

பாய்லருக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. மெல்லிய நெருப்பானால் மெல்லக் காயும், அவ்வளவுதான். மின்சாரம் அறவே இல்லாத வேளையிலும் காயும். 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னைக்கு வெளியே தமிழகம் நாளுக்குப் பல மணி நேரம் இருளில் கிடந்தபோது, தேநீர்க்கடைகள் அதைக் காரணம் காட்டி அடுப்பை அணைத்ததில்லை.

இன்னொன்று, கூட்டம். சிற்றூர்க் கடைக்கு வாடிக்கையாளர்கள் ஒருவர் பின் ஒருவராக இருபது வினாடி இடைவெளியில் வருவதில்லை. விடியலில் கரும்பு வெட்டப் போகிறவர்கள் சேர்ந்து வருவார்கள். பேருந்து நின்றால் இருபது பேர் இறங்குவார்கள். நம் எந்திரம் அந்த இருபது பேருக்குத் தண்ணீர் சூடாக்க மட்டுமே ஏழு நிமிடம் ஆகும். மின்னழுத்தம் இறங்கிய நாளில், 93 பாகையை விட்டுக்கொடுக்காமல் நிதானமாகச் சூடாக்கினால், பதினோரு நிமிடம். ஓட்டுநர் காத்திருக்கமாட்டார். பாய்லரின் 20 லிட்டரோ இருபது கோப்பைக்கு உரிய மூன்று லிட்டரை அசராமல் கொடுத்துவிடும். நாளெல்லாம் வீணாகிறது என்று நாம் கணக்குப் போட்ட அந்தக் கரி, இந்த ஏழு நிமிடத்தை விலைக்கு வாங்குவதற்காக எரிந்த கரி என்றும் கொள்ளலாம். முன்பு எழுதிய 'யாரும் குடிக்காத காப்பி' என்ற தொடரை இந்த வெளிச்சத்தில் வைத்தே வாசிக்க வேண்டுகிறோம்.

மூன்றாவது, தண்ணீர். பாறைப் பாங்கான நிலத்தில் ஆழத்திலிருந்து இறைத்த நீர் பல இடங்களில் கடினமானது. சூடு ஏற ஏறச் சுண்ண உப்பு நீரில் கரைந்திருக்க மறுத்து, எங்கே சூடு அதிகமோ அங்கேயே படியும். பாய்லரில் படிந்தால் கரைபோலத் தடிக்கும். ஓய்வு நாளில் திறந்து சுரண்டலாம், மீண்டும் ஈயம் பூசலாம். விரல் நுழையாத நெளிகுழாயில் படிந்தால் எந்திரம் மூச்சுத்திணறும். எலுமிச்சை அமிலத்தை ஓட்டிக் கழுவினால் கரையும். ஆனால் அதைத் தவறாமல் செய்வதற்கென்று ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளின் நேரத்தை வடிவமைப்பாளர்கள் பெரும்பாலும் கணக்கில் எழுதுவதில்லை.

அப்படியானால் வடக்கனந்தலுக்கு ஏற்ற உடனடி எந்திரம் எது? விடை எதிர்பாராத இடத்திலிருக்கிறது. முன்பு பார்த்த விட்மனின் குமிழி எந்திரத்தை நினைவுகூர்வோம். அதில் தண்ணீரை நகர்த்துவது கொதிப்புதான். கொதிக்காத தண்ணீர் மேலே ஏறாது. மின்னழுத்தம் 180க்கு இறங்கினால் அது மெல்லச் சொட்டும். ஆறிய நீரைச் சொட்டாது. பாய்லரைப்போலவே தாமதத்தை ஏற்றுக்கொண்டு சூட்டைக் காப்பாற்றும் குணம் அதற்கு இருக்கிறது. விலையுயர்ந்த இறைப்பான் எந்திரம் அதற்கு நேர்மாறாக நேரத்தைக் காப்பாற்றிச் சூட்டைக் கைவிடுகிறது. இறைப்பான் எந்திரத்தைத்தான் வைக்கவேண்டும் என்றால், வெப்பநிலை குறையும்போது ஓட்டத்தையும் குறைக்கும் கட்டுப்பாடு வேண்டும். கூட்டத்துக்கென இரண்டு மூன்று லிட்டரில் ஒரு சின்னக் குதிரும் வேண்டும். ஈ-61 போலப் பாதி பாய்லராக அது மாறும்போதுதான் கடைத்தெருவில் நிற்க முடியும். மேலே கல்வராயனில் 900 மீட்டர் உயரத்தில் வைத்தாலோ தண்ணீர் 97 பாகையை ஒட்டியே கொதித்துவிடும். காப்பி வடிக்க அது தாராளம். குமிழி எந்திரத்துக்கு அங்கேயும் குறையில்லை.

வரலாறு இந்த வழியில் போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டுக் கடைகளுக்குச் சொல் கேட்கும் நெருப்பு மின்கம்பி வழியாக வரவில்லை. 19 கிலோ உருளையில் அடைபட்ட எரிவாயுவாக வந்தது. குமிழைத் திருகினால் எரிகிறது, திருப்பினால் அணைகிறது, மோட்டார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே அளவில் எரிகிறது. பால் சட்டி அடுப்புக்கு மாறியது. ஃபில்டர் காப்பிக்காரர்கள் டிக்காஷனை நம்பினார்கள். மற்றவர்கள் தூளை நேராகப் பாலில் கலக்கினார்கள். இடையில், கல்யாண மண்டபங்களில் 'எஸ்பிரஸோ' என்று ஓர் எந்திரம் சீறிக்கொண்டு வந்தது. அதில் ஒரு சிறு கொதிகலன், நீராவிக்கு ஒரு குழல். அந்த நீராவி காப்பித்தூளின் வழியே தண்ணீரைத் தள்ளவில்லை. கரையும் தூளும் சர்க்கரையும் போட்ட பாலை நுரைக்கவைத்தது. பெத்ஸெராவும் பவோனியும் கண்டால் திகைத்திருப்பார்கள். கோப்பையின் மேல் ஒரு சிட்டிகைத் தூள் தூவித் தரும்போது வரிசையில் நின்ற குழந்தைகள் அடைந்த ஆனந்தத்தில் மட்டும் கலப்படம் எதுவுமில்லை.

பாய்லரும் போய்விடவில்லை. பித்தளை குறைந்து எவர்சில்வராயிற்று. கரிக்கும் எரிவாயுவுக்கும் பொருந்துகிற வகைகள் வந்தன. நடுக்குழல் அப்படியே இருக்கிறது. சல்லடைத் தட்டு இருந்த இடத்தில் எரிமுகை உட்கார்ந்திருக்கிறது. கூட்டம் கலைந்ததும் மாஸ்டர் கை நீட்டிக் குமிழைக் குறைக்கிறார். பேருந்தின் ஒலி கேட்டதும் கூட்டுகிறார்.